மாரியிலும் பிள்ளைகள் துள்ள ஓர் இடம்

ஆசிரியருக்கு,

ஐப்பசி பிறந்தால் எங்கள் முன்பள்ளி முற்றத்தில் வெள்ளம் நின்றுவிடும். ஊஞ்சலும் சறுக்குமரமும் தை வரை நனைந்தபடி கிடக்கும். பிள்ளைகள் 22 பேரும் சனசமூக நிலைய மண்டபத்துக்குள்தான்.

போன மாரியில் நாலு வயதுப் பெடியன் ஒருவன் ஓடிப்போய் மேசை முனையில் நெற்றியை இடித்துக்கொண்டான். மூன்று தையல். அன்றிலிருந்து உள்ளே யாரும் ஓடக்கூடாது என்று நானே சட்டம் போட்டேன். ஒரு கிழமைதான். கடியும் தள்ளுமுள்ளும் சிணுங்கலுமாக வகுப்பே மாறிப்போனது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. காலை முழுவதும் நாங்கள் கதிரையில் இருத்தி வைத்தால் அது எப்படி நடக்கும்?

சரி, மண்டபத்தை மாற்றுவோம் என்று இறங்கினோம். மேசைகளைச் சுவரோடு ஒதுக்கி, முனைகளுக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினோம். அலுமாரியைச் சுவரோடு இறுக்கினோம். பிள்ளை தொங்கினால் சரியக்கூடிய சாமான் அது. துள்ளுவதற்குத் தும்பு மெத்தை, சுவருக்கும் யன்னலுக்கும் எட்டத்தில். வெறும் பாய் சீமெந்தில் வழுக்கும். ஓடுவதற்குத் தரையில் பெரிய வட்டம் கீறினோம். நேரே ஓடும் பிள்ளை சுவரில்தான் போய் நிற்கும்; வட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் முட்டுவதும் குறைவு. கெந்த எட்டுக்கோடு, எறியத் துணிப்பந்தும் கடகமும். காலுறை கழற்றி வெறுங்காலோடுதான் விளையாட்டு, வாசலில் ஈரம் துடைக்கச் சாக்கு. ஒரு தடவைக்கு ஆறு பேர், பக்கத்தில் ஓர் ஆசிரியை. காசு போனது மெத்தைக்கு மட்டும்தான்.

விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய கையோடு, "ரீச்சர், பிள்ளை இன்னும் எழுதேல்லையே?" என்று கேட்கும் பெற்றோரே, எறிந்தும் தொங்கியும் தோளும் கையும் உரம் பெற்ற பிள்ளைக்குத்தான் பென்சில் பிடிப்பது சுகம். துள்ளும் நேரத்தை வீணென்று நினைக்காதீர்கள்.

எங்களைப் போலச் சனசமூக நிலையக் கட்டடங்களில் இயங்கும் முன்பள்ளிகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல. அங்கெல்லாம் கூட்டத்துக்கு வாங்கிய கதிரை அடுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் பாதி மண்டபத்தைப் பிடித்திருக்கும். நிர்வாக சபைகள் புரட்டாதி முடிய முன்னரே அவற்றை வேறிடத்துக்கு மாற்றி, மண்டபத்தின் ஒரு பக்கத்தையாவது பிள்ளைகளுக்கு விட்டுத்தர வேண்டும்.

முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
மானிப்பாய்.