மருந்துக் கடை அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து மருந்து தருகிறவர்கள் நீங்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் வளவில் ஒரு விசேஷம். மூக்கொழுகிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் என் நான்கு மாத மகளைத் தூக்கிக் கொஞ்சின. அவர்களுக்கு அது வெறும் சளி. இவளுக்கோ மூன்றே நாளில் நெஞ்சு கரகரவென்றது. கடைக்கு ஓடினேன். இருமல் சிரப்பும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் இருமல் குறைந்தது. அப்பத்தாகூட "தேவலை" என்றார்கள். ஆனால் இரண்டு வாய் பால் உறிஞ்சுவாள், அப்புறம் விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். விடிந்ததிலிருந்து துணி நனையவே இல்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. செல்போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினேன்: 72.

ஆஸ்பத்திரியில் அவள் பாதத்தில் சுற்றிய கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 86 சதவீதம்தான் காட்டியது. ஐந்து நாள் இருந்தோம். ஆக்சிஜன், மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பது, குழாயில் பால், வைத்தியம் அவ்வளவுதான். பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸால் வருவது. நுரையீரலின் சன்னமான குழல்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்கிறது. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. சளி பிடித்த மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் முற்றுமாம். சிரப்பை நம்பி நான் உட்கார்ந்திருந்ததும் அப்போதுதான்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. கேட்டு வாங்கியவள் நான். ஆனாலும் இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு சொன்னது உங்களுக்குத் தெரியாததில்லை.

கைக்குழந்தைக்கு மருந்து என்று யாராவது வந்தால் பில் போடும் முன் வயதைக் கேளுங்கள். பால் பாதியாகக் குறைந்துவிட்டதா, ஒன்றுக்குப் போகிறதா என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 மூச்சு, ஒரு வயது வரை 50 மூச்சு, அல்லது அதற்கு மேல் போனால், நெஞ்சில் குழி விழுந்தால், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளை, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இதையெல்லாம் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி நானே கொண்டுவந்து தருகிறேன். கல்லாவுக்கு மேலே, காலண்டர் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
கானாடுகாத்தானிலிருந்து ஒரு தாய்