முதியோர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: உங்கள் கூட்டத்தில் எங்களுக்கும் இடம் தாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் முதியோர் சங்கங்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

உங்கள் சங்கத்தில் சேர 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் நாற்பதே ஆகவில்லை. இருந்தும் உங்கள் மாதக் கூட்டத்துக்கு வர அனுமதி கேட்டு எழுதுகிறேன். கேட்பதற்கான காரணம் கொஞ்சம் வில்லங்கமானது. உங்களில் சிலருக்குக் கோபமும் வரலாம். உங்கள் வயதை அடைவதற்கு எனக்குப் பயம்.

காதோரம் ஒரு நரை தெரிந்ததும் வருகிற சங்கடத்தை நான் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் வருவது, டை பூசினால் போய்விடும். என் பயம் அப்படிப்பட்டதன்று. பிறந்தநாள் நெருங்கும் வாரத்தில் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் தொலைகிறது. கல்யாண வீட்டில் படம் எடுக்கக் கூப்பிட்டால் குசினிக்குள் போய் ஒளிந்துகொள்கிறேன். வைத்தியசாலையின் கிளினிக் வரிசையில் கைத்தடியோடு காத்திருப்பவர்களைப் பார்க்க நேருமே என்று, என் மருந்தை எடுக்க வேறு ஆளை அனுப்புகிறேன். என் வயதை ஒத்த சிலரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நான் மட்டுமில்லை என்று தெரிந்தது.

மருத்துவர்கள் இதை ஜெராஸ்கோபோபியா என்கிறார்கள். உண்மையான ஆபத்தின் அளவை மீறிய பயம், ஆறு மாதமோ அதற்கு மேலோ விடாமல் நீடிப்பது, பயப்படுவதைத் தவிர்க்கப்போய் அன்றாட வாழ்க்கையே சுருங்கிப்போவது: இவை சேர்ந்திருந்தால் அது கவலையின் எல்லையைத் தாண்டிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. வயதுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. மெக்சிகோவில் 14 வயதுப் பையன் ஒருவன் வளர்ந்துவிடுவோமே என்று அஞ்சிச் சாப்பாட்டைக் குறைத்தான், உயரம் தெரியாதிருக்கக் கூனி நடந்தான் என்று மனநல மருத்துவர்கள் 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள். மீசை அரும்பாத பிள்ளைக்கே வரக்கூடியது என்றால், இதை அழகுப் பைத்தியம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

பயத்தைச் சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "உனக்கென்ன, இன்னும் இருபத்தைந்து போலத்தான் இருக்கிறாய்." அன்பாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சின் உள்ளே, இருபத்தைந்து போல இல்லாவிட்டால் பயப்படத்தான் வேண்டும் என்ற ஒப்புதலும் இருக்கிறது. ஆறுதல் ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு மறுபடியும் கண்ணாடி. நான் பார்க்கப் போகும் உளவளத்துணையாளர் அந்த ஆறுதலைச் சொல்ல மறுத்துவிட்டார். பயந்ததிலிருந்து விலகி ஓடும்போது ஒரு நிம்மதி கிடைக்கிறதே, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி என்றார். ஓடாமல் நிற்கப் பழக வேண்டும். கொஞ்சங்கொஞ்சமாக, தாங்கக்கூடிய அளவிலிருந்து தொடங்கி. பழைய குடும்பப் படங்களைப் பார்ப்பது, விளக்கை அணைக்காமல் கண்ணாடி முன் நிற்பது, வயதானவர்களோடு அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசுவது என்று படிப்படியாக. அந்தக் கடைசிப் படியில்தான் நீங்கள் வருகிறீர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பென்சன் இல்லாதவர் எழுபதில் எதைச் சாப்பிடுவது என்று அஞ்சுவது நோயன்று. பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, படுக்கையில் விழுந்தால் யார் தண்ணீர் தருவார்கள் என்று நினைப்பதும் நோயன்று. அவற்றுக்குத் தேவை பணமும் ஆட்களும் ஒழுங்கான ஏற்பாடுகளும். உளவளத்துணை அவற்றைத் தீர்க்காது. ஆனால் இந்த நியாயமான பயங்களும் நியாயமில்லாத பயமும் எங்கள் மனதில் ஒரே சாக்கில் கிடக்கின்றன. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பற்றியது என்பதும், பெற்றோரைப் பிள்ளைகள் பார்க்காவிட்டால் முறையிட அதன் கீழ் ஒரு பராமரிப்புச் சபை இருக்கிறது என்பதும் எங்கள் தலைமுறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லித் தந்தாலே அந்தச் சாக்கில் பாதி இறங்கிவிடும்.

மீதிக்கு எங்கள் ஊரின் கதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என் வயதுக்காரர்களின் இளமை முழுதாகக் கையில் கிடைக்கவில்லை. 2006இல் போருக்குத் தப்பிச் சம்பூரை விட்டு ஓடியவர்கள் மறுபடி தம் காணியில் கால்வைக்க ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆயின. பதினெட்டு வயதில் போனவர் இருபத்தெட்டில் திரும்பினார் என்றால், இடையில் இருந்த வயதுகளை எந்தப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து வாங்குவது? அப்படிப்பட்ட ஒருவர் முதல் நரையைக் கண்டு திடுக்கிடுகிறார் என்றால், அதில் பாதி பயம், பாதி துக்கம். வாழாமல் விட்டதற்கான துக்கம். அதைப் பயம் என்று மட்டும் பெயரிட்டு மருத்துவம் பார்த்தால் குணமாகாது. முதலில் அழ விட வேண்டும். நீங்கள் அந்தக் காலத்தை எங்களுக்கு முன்னால் நின்று பார்த்தவர்கள். அதே ஆண்டுகளில் உங்கள் நடுவயது போனது. அதோடு எப்படி ஒத்துப்போனீர்கள், ஒத்துத்தான் போனீர்களா என்று நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் கதையை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். கோணேசரை வணங்க வர இயலாத தாய்க்காக இராவணன் மலையையே பெயர்த்துக்கொண்டு போக முயன்றான், அவனுடைய வாள் பட்ட இடம் இராவணன் வெட்டு. தாய் இறந்ததும் கிரியை செய்யக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை உண்டாக்கினான். இந்த ஊரின் பேர்போன இரண்டு இடங்களுக்கும் காரணம் ஒரு முதிய பெண். ஆனால் நான் கேட்ட கதைகளில் அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மலையை அசைக்கச் சொல்லி அவள் கேட்டாளா? தன்னைத் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று நினைத்தாளா? ஒருவேளை வீட்டிலேயே இருந்து கும்பிட விரும்பினாளோ என்னவோ. மகனின் பாசம் தெரிகிறது, அவனுடைய பலமும் ஆணவமும் தெரிகின்றன. தாய்க்குக் கிடைத்தது நோயும் சாவும் மட்டும்.

இன்றைய ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தின விழாக்களிலும் எனக்கு அதே குறைதான். மாலை போடுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், குடையோ பொதியோ கொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதிகாரிகள் நீண்ட நேரம் பேசுகிறார்கள். நீங்கள் முன்வரிசையில் வெயில் ஏற ஏற இருந்து கைதட்டுகிறீர்கள். முதுமையைப் பற்றி முதுமையில் இருப்பவர் பேசுவதற்கு நன்றியுரையில் இரண்டு நிமிடம்.

மேடை இல்லாத இடத்தில் நீங்கள் பேசுவதுண்டு. ஆனால் என்ன பேசுகிறீர்கள்? "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது." "ஒருவருக்கும் பாரமில்லாமல், கைகால் ஓடியாடும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்." சிரித்துக்கொண்டுதான் சொல்கிறீர்கள். விறாந்தையில் விளையாடும் பேரப்பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு விளங்காது, செய்தி மட்டும் விளங்கும்.

பெக்கா லெவி என்ற யேல் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒஹாயோவில் 50 வயதைத் தாண்டிய 660 பேரிடம், தம் வயதேறுவதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுப் பதிந்துவைத்த விடைகளை, அவர்கள் வாழ்ந்த காலத்தோடு ஒப்பிட்டார்கள். முதுமையை நல்லபடியாக எண்ணியவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இதை வாசித்ததும் எனக்கு ஆறுதல் வரவில்லை. பயப்படுவதே ஆயுளைக் குறைத்துவிடுமோ என்று புதிதாக ஒரு பயம் வந்தது. (என் நோயின் குணம் அப்படி.) பிறகுதான் லெவி அடிக்கடி வலியுறுத்தும் இன்னொன்று கண்ணில் பட்டது: முதுமையைப் பற்றிய எண்ணங்களை நாம் சிறுவயதிலேயே சுற்றியிருப்பவர்களிடமிருந்து உறிஞ்சிக்கொள்கிறோம், நமக்கு வயதாகும்போது அவை நம் மேலேயே திரும்புகின்றன.

ஆகவே என் வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் சந்தா, வரவு செலவு, மரண உதவி எல்லாம் முடிந்த பின் ஒரு மணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். சேவை செய்ய வருகிறோம் என்ற போர்வையில் நாங்கள் வரப்போவதில்லை. தொலைபேசியைத் திருத்தித் தருவதும் படிவம் நிரப்புவதும் வேண்டுமானால் செய்வோம், ஆனால் அதற்காக வரவில்லை. எங்களுக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

காது மந்தமாகும்போது முதலில் எந்தச் சத்தம் போகிறது? கணவரையோ மனைவியையோ இழந்த பிறகு நாளில் எந்த மணித்தியாலம் மிகக் கடினம்? முன்பு உயிரை வாங்கிய எந்தக் கவலை இப்போது எட்டிப் பார்ப்பதேயில்லை? கண்ணாடியில் தெரியும் முகம் உங்கள் முகமாகத் தெரிகிறதா, தாயுடையதாகத் தெரிகிறதா? பிறர் குளிப்பாட்டிவிட நேர்ந்தபோது வெட்கம் எத்தனை நாள் இருந்தது? இன்னும் எதற்கு ஆசைப்படுகிறீர்கள்?

தயவுசெய்து எழுபத்தைந்திலும் சைக்கிள் ஓடுகிற ஐயாவை மட்டும் முன்னால் நிறுத்தாதீர்கள். அவரைப் பார்த்தால், அப்படி ஓட முடியாவிட்டால் என்ன ஆவோம் என்றுதான் எங்களுக்குத் தோன்றும். முழங்கால் மடியாதவரும், பேர் மறந்துபோகிறவரும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவரும் இருக்கட்டும். புத்திமதி வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கிறது. "ஆம், இது கொடுமைதான்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதையே சொல்லுங்கள். உண்மையில் உள்ள கொடுமைக்கு ஓர் அளவு இருக்கும். எங்கள் கற்பனையில் இருப்பதற்கு அளவில்லை.

உங்களை மருந்தாகப் பயன்படுத்துவதாக எவராவது நினைத்தால் அது நியாயமான மனத்தாங்கல். விருப்பமில்லாதவர்கள் தேநீர் குடித்துவிட்டு எழுந்து போகலாம். நாங்கள் குறை நினைக்க மாட்டோம். எங்களில் யாருக்காவது பயம் கட்டுக்கடங்காமல் போனால் அதை உங்கள் தலையில் கட்ட மாட்டோம். வைத்தியர்கள் இருக்கிறார்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

நாளையும் நேரத்தையும் சங்கத்தின் அறிவித்தல் பலகையில் போட்டால் போதும். கதிரை போதாவிட்டால் பாயில் இருப்போம். சீனியும் தேயிலையும் நாங்கள் கொண்டுவருகிறோம். வடை சுடத் தெரிந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருத்தியில்லை.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து
உங்கள் மகள் வயதில் ஒருத்தி