எந்தப் பக்கம் இருட்டாக இருக்கணும்?

ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், திருவிழாவுக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும், முக்கியமாக லைட் செட் தம்பிக்கும் வணக்கம்.

திருவிழா ராத்திரியில் கடற்கரைக் கூட்டிலிருந்து வெளிவந்த கடலாமைக் குஞ்சுகள், கடலுக்குப் போகாமல் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் கோயில் பக்கம் ஓடிவந்தது உங்களுக்கே தெரியும், விவரமாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்கும் வரை காத்திருக்கவும் மனசு வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஆமை ஆராய்ச்சி செய்கிற என்னிடம், அந்தக் கூட்டை ஏன் பொரிப்பகத்துக்கு, அதாவது முட்டைகளைக் கொண்டுபோய்க் காவலில் வைத்துப் பொரிக்கவிடும் இடத்துக்கு, மாற்றவில்லை என்று சிலர் கேட்டீர்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். மாசியில் அந்தக் கூடு கண்ணில் பட்டபோது வெயில் ஏறிவிட்டது. இருந்த இடத்திலேயே வேலி கட்டிக் காப்பதுதான் சரி. பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிற, ஊர் கூடித் திருவிழா எடுக்கிற சித்திரையில் வந்து முடிகிறது அந்தக் கணக்கு.

மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில்தான் குஞ்சுகள் மேலே வரும். வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி ஓடும். விளக்கில்லாத கரையில் அந்த நம்பிக்கை பொய்த்ததே இல்லை. வானத்து வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கடல் பக்கம் வெளுத்திருக்கும், கரை கறுத்திருக்கும்.

ஓடிவந்து தம்பியிடம் சொன்னபோது எனக்குப் பாதி வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. திருவிழாவுக்கு வெளிச்சம் போட வந்தவரிடம் போய் விளக்கை அணையுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவர் முகம் சுளிக்கவில்லை. "அக்கா, அதுங்களுக்கு எந்தப் பக்கம் இருட்டா இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

இதைத்தான் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டினேன். யாரும் இப்படிக் கேட்டதில்லை. கரைப் பக்கம் என்றேன். ஜெனரேட்டர் அருகில் போய்க் கடலைப் பார்த்த வரிசை மொத்தத்தையும் அணைத்தார். அன்னதானப் பந்தலில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், அங்கே விளக்கு வேண்டும். பந்தல் ஓரத்திலிருந்து இரண்டு கீற்றை உருவினார். கட்டிங் பிளேயரைப் பல்லில் கடித்துக்கொண்டு சவுக்குக் கம்பத்தில் ஏறி, விளக்குகளுக்குக் கடல் பக்கம் மறைப்புக் கட்டினார். கீற்று பற்றிக்கொள்ளுமோ என்று கீழிருந்து கத்தினேன். "எல்.இ.டி. அக்கா, தாங்கும்" என்றார்.

கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்த குஞ்சுகளில் பல, கொஞ்ச நேரத்தில் நின்றன, தலையைத் தூக்கின, மெல்லத் திரும்பின. அந்தத் திரும்பலைப் பார்த்து நான் அழுதேன். பக்கத்தில் நின்ற பெரியவரும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

ரோடு வரை போய்விட்டவற்றைக் கூடையில் அள்ளி, அலைக்குக் கொஞ்சம் முன்னால் ஈர மணலில் இறக்கிவிட்ட மகளிர் குழு அக்காமார், "விளக்கு நிக்கிது, யாரும் பயப்படாதீங்க, குஞ்சு இறங்குது" என்று மைக்கில் சொன்ன பஞ்சாயத்துத் தலைவர், நாய்களை விரட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், விடிய விடிய நின்ற வனக்காவலர், நாடகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வேஷத்தோடு வந்து வழிவிட்டு நின்ற நடிகர்கள், எல்லோருக்கும் நன்றி. யாருடைய பேராவது விட்டுப்போச்சு என்று வருத்தம் வர வேண்டாம். எந்தப் பேரையும் நான் போடவில்லை. தம்பியே தன் பேர் வேண்டாம் என்றுவிட்டார்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது, புலிக்குச் சமமான பாதுகாப்பு. ஆனால் அன்று ராத்திரி அவற்றைக் காப்பாற்றியது நீங்கள். மண்ணுக்குள் வெப்பமானி புதைத்து, சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்று கணக்கெடுக்கிற எங்கள் வேலை தேவைதான், அதை விடமாட்டேன். ஆனால் இனி எங்கள் முடிவுகள் முதலில் வந்து சேர வேண்டிய இடம் உங்கள் ஊர்க்கூட்டம். வரும் பங்குனியில் கூடு இருக்கும் இடத்தையும் பொரிக்கக்கூடிய தேதிகளையும் ஒரே தாளில், தமிழில் எழுதிக் கொண்டுவருகிறேன். திருவிழா லைட் காண்டிராக்ட் பேசும்போது கடல் பக்க மறைப்பையும் சேர்த்துப் பேசலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். கீற்று முடைந்து தர மகளிர் குழுவில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதற்கான கூலி எங்கள் பொறுப்பு.