தள்ளு கட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நீயே செய்த மரம் அறுக்கும் மெஷின், அந்த பேண்ட் சா படத்தை அம்மா காட்டினாள். பாகான் டாலாம் டீக்கடையில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டேன். கோலாலம்பூர் செந்தூலில் அந்தச் சின்னப் பின்கட்டில் இவ்வளவு வேலை செய்திருக்கிறாய். ஆனால் அதில் போல்ட்டைத் திருகக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குமிழ்களைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. உளி பிடித்து வளர்ந்த பிள்ளை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ரப்பர் கட்டையில் ஆறு குமிழ் செய்து பார்சலில் வைத்திருக்கிறேன். தாத்தா பால் வெட்டிய மரம்தானே. அப்போதெல்லாம் பால் குறைந்ததும் சாய்த்து விறகாக எரித்தார்கள். உளிக்கு நன்றாக அடங்கும். மருந்து ஏற்றிய கட்டையாகப் பார்த்து எடுத்தேன், இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டிவிடும். துளையை முதலில் போட்டுவிட்டுத்தான் வட்டமாக அறுத்தேன். போல்ட் தலையைவிடச் சற்றே சின்னதாகக் குழி எடுத்து, எப்பாக்சி தடவி, வைஸில் வைத்து இறுக்கினேன். எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே வழுக்காது.

பிளேடு பக்கம் கை போகாமல் மரத்தைத் தள்ளத்தான் தள்ளு கட்டை. அது மட்டும் பிளைவுட். தனி மரத்தில் செய்தால் கொக்கி முனையில் இழை குறுக்கே வந்து, தள்ளும்போது பட்டென்று முறியும். பிளைவுட்டில் இழை மாறி மாறி ஓடுவதால் தாங்கும். அதைக் கையெட்டும் இடத்தில் மாட்டு. எடுக்க நாலு அடி நடக்கவேண்டியிருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

அப்புறம், படத்தில் உன் மெஷினில் பிளேடு ஓடும் சக்கரம் தட்டையாகத் தெரிகிறது. விளிம்பின் நடு கொஞ்சம் மேடாக இருந்தால்தான் பிளேடு நழுவாமல் நடுவில் ஓடும். பிளேடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை அதன் அச்சிலேயே சுழலவிட்டு, சாண்ட் பேப்பர் ஒட்டிய கட்டையைக் காட்டிச் சரிசெய். அதன்மேல் சைக்கிள் டியூபை இழுத்து மாட்டு. மெஷின் ஓடும்போது கையுறை வேண்டாம், துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தள்ளு கட்டையை எடு.

அந்தப் படத்தில் உன் இடது கை மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. பொங்கல் படத்திலும் அந்தக் கை தெரியவில்லை. மருமகளிடம் கேட்டால் "நல்லாதான் இருக்காரு மாமா" என்று சொல்லி உடனே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாள். நீயோ முன்போல் போன் போடுவதில்லை, மெசேஜ்தான். நான் எதுவும் கேட்கவில்லை. வேலை தெரிந்தவனுக்கும் கை தவறும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

தம்பி, சின்னத் துண்டு என்று கையால் தள்ளாதே. சின்னத் துண்டுக்குத்தான் தள்ளு கட்டை.

முருங்கை காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டில் கல்யாணம். மற்றதெல்லாம் போனில் சொல்கிறேன்.

பார்சல் வந்ததும் வீடியோ காலில் கூப்பிடு. குமிழை மாட்டும்போது நான் பார்க்கவேண்டும். ஒரு கையால் நட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குமிழைத் திருகு. முடியாவிட்டால் அதையும் சொல், இ.டி.எஸ். ரயில் ஏறி வந்து நானே மாட்டித் தருகிறேன்.

அப்பா