சோடா மூடி சொன்ன கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்த அம்பாசிடர் காரின் படம் போட்டிருந்தீர்கள். 'குப்பையில் பிறந்த பொம்மை கார்' என்று தலைப்பு. சோடா மூடி, பழைய ரப்பர் செருப்பு, பவுடர் டப்பா, குடைக்கம்பி என்று அவன் பொறுக்கிய சாமான் அத்தனையும் செய்தியில் இருந்தது. 'ஒரு அடி நீளமுள்ள பொம்மை' என்று முடித்திருந்தீர்கள். படித்துவிட்டுப் பேப்பரை மடிக்க மனசு வரவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன்.

நான் 41 வருஷம் டிங்கர் வேலை பார்த்தவன். அடிபட்ட கார்களுக்கு நசுங்கல் எடுத்து, மிச்சப் பள்ளத்தைப் பட்டிப் பசையால் நிரப்பித் தேய்த்து, பெயின்டுக்குத் தயார் செய்து கொடுப்பது தொழில். என் கையில் ஓடின வண்டிகளில் பாதிக்கு மேல் அம்பாசிடர்தான். அதனால் அதன் அளவுகள் எனக்கு வீட்டு ரேஷன் கார்டு நம்பர் மாதிரி மனப்பாடம். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 97 இஞ்ச், அதாவது 2,464 மில்லிமீட்டர். வண்டியின் மொத்த நீளம் 4,325 மில்லிமீட்டர்.

நல்லவேளை, உங்கள் போட்டோகிராபர் காரை நேர் பக்கவாட்டில் எடுத்திருந்தார். படத்தில் சக்கர மையங்களுக்கு நடுவே 41 மில்லி இருந்தது. மொத்த நீளம் 72 மில்லி. ஒன்றை ஒன்றால் வகுத்தேன், 1.756 வந்தது. நிஜ வண்டிக்கும் போட்டுப் பார்த்தேன், 1.755. கண்ணால் பார்த்துச் செய்கிறவனுக்கு இவ்வளவு கிட்டத்தில் வராது.

சரி, நிஜத்தில் எத்தனை பெரியது? அதையும் படமே சொல்லிவிட்டது. சக்கரத்துக்கு அவன் வைத்திருப்பது சோடா மூடி. கோலி சோடா இல்லை, கலர் பாட்டிலுக்கு ஓப்பனர் வைத்துத் திறப்போமே, அந்தத் தகர மூடி. அது எந்தக் கம்பெனி பாட்டிலில் இருந்தாலும் வெளிவட்டம் 32 மில்லிதான். படத்தில் அது ஆறரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, படம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. 72-ஐ ஐந்தால் பெருக்கினால் 360 மில்லி. 4,325-ஐ 12-ஆல் வகுத்தாலும் அதே 360 மில்லி. ஒரு அடிக்கு ஒரு இஞ்ச்!

ஆசிரியர் அவர்களே, அந்தப் பையன் எங்கேயோ நின்ற ஒரு அம்பாசிடரை டேப் வைத்து அளந்திருக்கிறான். பானெட்டிலிருந்து டிக்கி வரை குனிந்து நிமிர்ந்து அளந்து, நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் பன்னிரண்டால் வகுத்திருக்கிறான். உங்கள் செய்தியில் இது ஒரு வரிகூட இல்லை. எந்தக் குப்பைத்தொட்டியில் எடுத்தாய் என்று கேட்ட நிருபர், எந்த வண்டியை அளந்தாய் என்று கேட்கவில்லை. என் குறை அதுதான். (ஒரு அடி நீளம் என்று எழுதியதும் தப்பு, பதினாலு இஞ்ச் இருக்கிறது.)

சாமான் எதுவாகவும் இருக்கலாம். தங்கத் தகட்டில் செய்தாலும் அளவு இல்லாவிட்டால் அது பொம்மைதான். கடையில் விற்கிற சின்னக் கார்களைப் பாருங்கள். பல பெட்டிகளில் லாரியும் காரும் ஒரே நீளம் இருக்கும். பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கணக்கில் சுருக்குவதால் அப்படி. குழந்தை விளையாட அது போதும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அளவு மாடல் என்றால் ஒரே எண்ணால்தான் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும், கதவுக் கைப்பிடி உட்பட. 18-ல் ஒன்று, 24-ல் ஒன்று, 43-ல் ஒன்று என்று கம்பெனிக்காரர்கள் செய்கிறார்கள். அந்த 43 எங்கிருந்து வந்தது என்று பல நாள் மண்டையைக் குடைந்தது. பொம்மை ரயில்காரர்கள் ஒரு அடிக்கு 7 மில்லி என்று வைத்த கணக்காம் அது. எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. டிங்கருக்கு அடியும் இஞ்சும்தான் கையில் நிற்கும். அம்பாசிடரின் ரிம் 15 இஞ்ச், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றேகால் இஞ்ச். சோடா மூடிக்கும் அதற்கும் கால் மில்லிதான் வித்தியாசம். அந்தப் பையனும் மூடியைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் பிடித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

என் முதல் கார் கணக்கில்லாமல் வந்தது. 1987 என்று ஞாபகம். பெயின்ட் காய்கிற வரைக்கும் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்போம் இல்லையா, அந்த நேரத்தில் காலி பெயின்ட் டப்பாவை வெட்டி அடித்தேன். தினம் அம்பாசிடரைத் தொடுகிறவன், எனக்கு எதற்கு அளவு என்று ஒரு திமிர். முடித்துப் பளபளவென்று பெயின்டும் அடித்து ஜன்னலில் வைத்தேன். எஃப்.சி. வேலைக்கு வந்த டாக்சி டிரைவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அம்பாசிடர் இல்லைங்க மேஸ்திரி, அம்பாசிடரோட சித்தப்பா பையன்" என்றார். ஜாடை இருக்கிறது, ஆள் இல்லை! பட்டறையே சிரித்தது. அன்று சாயங்காலமே டேப்பை எடுத்து அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி அளந்தேன்.

வளைவுகளை டேப்பால் அளக்க முடியாது. அதற்கு எங்கள் தொழிலிலேயே வழி உண்டு. வண்டியின் இடது மட்கார்டு நசுங்கி வந்தால், வலது மட்கார்டின் மேல் அட்டையை வைத்து வளைவைப் படியெடுத்து, அதைத் திருப்பி இடது பக்கத்துக்கு வைத்துப் பார்த்துப் பார்த்து அடிப்போம். அந்த அட்டையில் ஒரு இஞ்ச் கட்டம் போட்டு, அதே கோட்டை இன்னொரு தாளில் ஒரு நூல், அதாவது கால் இஞ்சில் பாதி, கட்டத்துக்கு மாற்றினால் எட்டில் ஒன்று. எனக்கு வேண்டியது பன்னிரண்டில் ஒன்று. அதனால் மூன்று இஞ்சுக்கு ஒரு கட்டமாகப் போட்டு, அதைக் கால் இஞ்ச் கட்டத்துக்கு இறக்குவேன்.

அம்பாசிடரின் பானெட்தான் ஆளைக் கொல்லும். நீளவாக்கில் ஒரு வளைவு, குறுக்கே ஒரு வளைவு, மூக்கில் இரண்டும் சேரும். பவுடர் டப்பாத் தகரத்தில் அடித்தால் மடிப்பு விழும். நான் பழைய அலுமினியப் பாத்திர மூடியில் அடிக்கிறேன். மூடியின் மேல் துணி சோப்பை வறட்டு வறட்டென்று தேய்த்து, கேஸ் அடுப்பில் மெல்லக் காட்ட வேண்டும். சோப்பு பழுப்பாகிக் கருக்கும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். தகடு கருப்பட்டிப் பாகு மாதிரி இளகிப்போகும், தேக்குக்கட்டையில் செதுக்கிய அச்சின் மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் தட்டினாலே படியும். இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டால் நடுவில் ஓட்டை. அப்படி வீட்டில் நாலு மூடி போயிருக்கிறது. ஐந்தாவது மூடியை வீட்டுக்காரம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கதவு, கூரை மாதிரி அதிகம் வளையாத இடத்துக்குக் கூல்டிரிங்ஸ் கேன். அதன் தகடு சுமார் பத்தில் ஒரு மில்லி. நிஜ வண்டியின் தகடு ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், கேன் ஏறக்குறைய அளவுக்கே வந்துவிடுகிறது. கண்ணாடிக்குத் திருப்பூர் பனியன் பெட்டியின் பிளாஸ்டிக் மூடி. சக்கரத்தின் நடுவில் வருகிற ஹப் கேப்புக்கு டிச்சு பட்டன். டயருக்குச் செருப்பு.

மக்கர் செய்வது பெயின்ட். தகட்டை மெலிசாக்கலாம், பெயின்டை எப்படி மெலிசாக்குவது? பெரிய வண்டிக்கு அடிக்கிற கனத்திலேயே இதற்கும் அடித்தால், கதவு இடுக்கு மூடிக்கொள்ளும். நிஜத்தில் அந்த இடுக்கு ஐந்து மில்லி என்றால் மாடலில் அரை மில்லிகூட இல்லை. பிரைமர் ஒரு கோட், கலர் இரண்டு கோட் போட்டால் கதவே காணாமல் போகும். தின்னரைக் கூடுதலாக விட்டு, பூந்தூறல் மாதிரி அடித்து, நடு நடுவே தண்ணீர் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும்.

எடையும் அப்படித்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னிரண்டில் ஒன்றானால், எடை 1,728-ல் ஒரு பங்காக வேண்டும். 1,100 கிலோ வண்டி 640 கிராம்தான் இருக்கணும். என் காரை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 1 கிலோ 150 கிராம் காட்டியது. பட்டி அதிகம். அந்தக் கணக்கில் என் அம்பாசிடர் இரண்டு டன்!

ஆறு வருஷத்துக்கு முன்னால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய அப்பா ஊட்டி ரோட்டில் டாக்சி ஓட்டியவர், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அதே வண்டி வேண்டுமாம். கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ, ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் முக்கால்வாசி வண்டி தெரிகிறது. மேலே கேரியர். கேரியரைக் கம்பெனி வைப்பதில்லை, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டுவது. அளவுக்கு எங்கே போவது? போட்டோவில் ரிம் தெரிந்தது. அது 15 இஞ்ச் என்று தெரியும். அதை வைத்துக் கேரியரின் உயரம், கம்பிகளின் இடைவெளி எல்லாம் எடுத்தேன். சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி ஈயம் வைத்துக் கட்டினேன்.

எல்லாம் முடிந்து காட்டியபோது அந்த அம்மா, "அப்பா வண்டியில இடது பக்கம் பின்னாடி ஒரு நசுங்கல் இருக்குமுங்க. குன்னூர்ல சுவத்துல உரசுனது. கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை" என்றார். ரெண்டு நாள் அந்த மட்கார்டை வழுவழுவென்று தேய்த்திருந்தேன். அதன் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தக் கை வரவில்லை. அந்த அம்மாவையே அழுத்தச் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நசுங்கல் சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. பெயின்டில் ஒரு கீறல் மட்டும் நான் போட்டேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம், இனி இப்படிப் படம் போடும்போது பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: எந்த வண்டி, எத்தனையில் ஒரு பங்கு. இரண்டு விவரம் போதும். பிள்ளைகளிடம் அதைக் கேட்டாலே, அடுத்தவன் டேப்பை எடுப்பான். ஒரு பள்ளிக் கண்காட்சியில் என் பேரன் இதே மாதிரி ஒன்றை வைத்தபோது, வந்த பெரியவர்கள் எல்லாம் "ஓடுமா? ரிமோட் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். அதோடு அவன் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டான்.

அந்தப் பையனிடம் சில விஷயம் சொல்லிவிடுங்கள். சின்னதாக முன்பக்கப் படம் ஒன்றும் போட்டிருந்தீர்கள், அதில் ஹெட்லைட் சிறுத்துவிட்டது. நிஜத்தில் அது ஏழு இஞ்ச் வட்டம், அவனுக்கு 15 மில்லி வர வேண்டும். காய்ச்சல் மாத்திரை அட்டை, கண்ணாடி மாதிரி இருக்குமே, அதன் குமிழை வெட்டி வைத்தால் கச்சிதம். அலுமினியத்தை அடுப்பில் காட்டும்போது பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். என்னிடம் அம்பாசிடருக்கான அட்டைகள் முழு செட்டும் இருக்கின்றன. அந்த வண்டி 2014-லேயே நின்றுவிட்டது, அளப்பதற்கு இன்னும் எத்தனை நாள் ரோட்டில் கிடைக்குமோ. அவன் வந்து எடுத்துக்கொள்ளலாம். என் முகவரி உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கிறேன்.

அவனிடம் ஒன்று கேட்டும் சொல்லுங்கள். பின் மட்கார்டு கதவோடு சேருகிற இடத்தில் தகரம் உள்வாங்கி, அப்புறம் புடைத்து வரும். படத்தில் அது அவனுக்கு ஒரு மடிப்பு இல்லாமல் வந்திருக்கிறது. எதன் மேல் வைத்து அடித்தான்? முப்பது வருஷமாக எனக்கு அங்கே பட்டி வைத்துத்தான் ஒப்பேற்ற முடிகிறது.

இப்படிக்கு,
வாசகர், ஓய்வுபெற்ற டிங்கர்,
கணபதி, கோவை – 6