அப்கிரேடு சரி, லிமிட் என்று எதை அனுப்புவீர்கள்?

கிரெடிட் கார்டு வழங்கும் வங்கிகளுக்கு,

வணக்கம். பிரீமியம் கார்டுக்கு மாறச் சொல்லி நீங்கள் அனுப்பும் அழைப்புகளில் விமான நிலைய ஓய்வறை இருக்கிறது, ரிவார்டு பாயிண்ட் இருக்கிறது, முதல் வருடம் கட்டணம் இல்லை என்பதும் இருக்கிறது. கார்டு மாறிய பிறகு, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோவுக்கு என் லிமிட்டாக எந்த எண்ணை அனுப்புவீர்கள் என்பது மட்டும் எந்த மூலையிலும் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டாலும் தெரிவதில்லை. பாவம், அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது சில்லறைக் கேள்வி இல்லை. கடன் கொடுப்பவர்கள் நம்மை எடைபோடப் பார்க்கும் மதிப்பெண்ணான ஃபைகோ ஸ்கோரில் ஏறத்தாழ 30 சதவீதம், நாம் வைத்திருக்கும் பாக்கியைப் பொறுத்தது. லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம் என்பதற்கு அதில் பெரிய இடம் உண்டு.

'முன்கூட்டியே நிர்ணயித்த செலவு வரம்பு கிடையாது' என்று நீங்கள் விற்கும் உயர்ரகக் கார்டுகளில்தான் சிக்கல் அதிகம். கேட்க ராஜமரியாதை மாதிரி இருக்கிறது. ஆனால் பீரோவுக்குப் போகும் பதிவில் லிமிட் கட்டம் காலியாக இருந்தால், சில மதிப்பீட்டு முறைகள் அந்தக் கார்டில் இதுவரை ஏறிய உச்சபட்சப் பாக்கியையே லிமிட்டாக எடுத்துக்கொள்கின்றன. ஒருவருக்கு லிமிட் 2,00,000, பாக்கி 30,000 என்று வைத்துக்கொள்வோம். பயன்பாடு 15 சதவீதம். அப்கிரேடு ஆனதும் லிமிட் கட்டம் காலியாகிறது. அவருடைய உச்சபட்சப் பாக்கி 40,000. அதே 30,000 இப்போது 75 சதவீதம்! செலவு கூடவில்லை, ஒரு தவணையும் தவறவில்லை, ஆனால் பதிவைப் பார்ப்பவருக்கு அவர் கழுத்தளவு கடனில் நிற்கிறார். மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டுபவரும் தப்ப முடியாது. நீங்கள் பெரும்பாலும் அனுப்புவது ஸ்டேட்மென்ட் தேதியன்று இருந்த பாக்கியைத்தானே?

வேறு சில முறைகள் அந்தக் கார்டைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மற்ற கார்டுகளில் பாக்கி அதிகம் வைத்திருப்பவருக்கு அப்போது மொத்தப் பயன்பாட்டு விகிதம் ஏறிவிடும்.

வங்கியிடம் பதிவில் இருக்கும் லிமிட்டையும் பீரோவுக்குச் சேர்த்து அனுப்பினால்தான் தகவல் முழுமை பெறும் என்று அமெரிக்காவில் 2010 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. வரம்பே நிர்ணயிக்காத கார்டுக்கு அது பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் கணினி ஒரு பெரிய செலவை மறுக்கிறதே, ஏதோ ஒரு உச்சம் தெரியாமலா மறுக்கிறது? அந்த எண்ணை, அல்லது குறைந்தபட்சம் பழைய லிமிட்டையாவது பீரோவுக்கு அனுப்புங்கள்.

அப்புறம், கணக்குத் தொடங்கிய தேதி. அப்கிரேடு என்று சொல்லிவிட்டுப் பழைய கணக்கை மூடி, புதிய விண்ணப்பமாகப் பதிவு செய்தால், கடனுக்கு விண்ணப்பித்ததாக ஒரு விசாரணைப் பதிவு கூடும், கணக்குகளின் சராசரி வயதும் குறையும்; இரண்டுமே ஸ்கோரை இறக்கலாம். அதே கணக்கு தொடருமா, புதிதாகத் திறக்கப்படுமா என்பதைச் சம்மதம் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

நான் கேட்பது அழைப்புக் கடிதத்தில் இரண்டே வரி: பதிவாகப் போகும் லிமிட், பதிவாகப் போகும் தொடக்கத் தேதி. ஓய்வறைப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பழைய கார்டிலேயே இருக்கும் ஒரு வாடிக்கையாளர்