ஆஸ்கர் அகாதமியின் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க வேண்டுமானால், அப்பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உங்கள் அகாதமி அறிவித்த விதியை வரவேற்கிறேன். அதுவரை பார்க்காமலே வாக்களிக்க இடமிருந்தது என்பதைக் கேட்டு வியந்தவர்களில் நானும் ஒருவன். இந்த விதியால் முதலில் பயன்பெற வேண்டியவை, குடும்பத்துக்கென எடுக்கப்படும் அனிமேஷன் நகைச்சுவைப் படங்கள்தாம். அவை பிள்ளைகளின் சமாச்சாரம் என்ற எண்ணம் உங்கள் மேடையிலேயே ஒலித்திருக்கிறது: 2022 விழாவில் அனிமேஷன் விருதை அறிவிக்க வந்தவர்கள், குழந்தைகள் இப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் பெற்றோர் படும் பாட்டையும் வைத்தே வேடிக்கை பேசினார்கள்.

பிராட் பேர்ட் எழுதி இயக்கி 2004இல் வெளிவந்த, அதிசய சக்திகளை மறைத்து வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய 'தி இன்கிரெடிபிள்ஸ்' அனிமேஷன் படத்தை, தயவுசெய்து வீட்டில் பிள்ளைகள் இல்லாத ஒரு நாளில் போட்டுப் பாருங்கள். சிறுவயதில் பார்ப்பவருக்கு அது டேஷ் என்ற பையன் தண்ணீர்மேல் ஓடும் படம்; வேலை, குடும்பம் என்று ஆன பிறகு பார்ப்பவருக்கோ, காப்பீட்டு அலுவலகத்தின் சிறு தடுப்பறைக்குள் உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவன் அப்பா பாப் பார்தான் கண்ணில் நிற்கிறார். இழப்பீடு கேட்டு வந்த மூதாட்டியிடம், உதவ முடியாது என்று சொல்லிக்கொண்டே, எந்த மாடியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மனமுடைந்ததுபோல் நடிக்கும்படி அவரையே கேட்டுக்கொள்கிறார். நாமும் சிரிக்கிறோம், ஆனால், நல்லது செய்வதைக்கூட மேலதிகாரிக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கும் நிலை எந்தக் குழந்தைக்குப் புரியும்?

அதைவிடக் கூர்மையானது அந்த இரவுச் சண்டை. ரகசியமாக ஆட்களைக் காப்பாற்றப் போய்த் தாமதமாகத் திரும்பும் கணவரின் கோட்டில் ஒட்டியிருக்கும் கட்டட இடிபாட்டுத் துணுக்கை ஹெலன் எடுத்துப் பார்க்கிறாள். பேச்சு அங்கிருந்து மகனின் பள்ளி விழாவுக்குத் தாவி, இருவரில் யார் குடும்பத்தைக் கவனிக்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. முன்பு பாப் பக்கம் நின்ற நான், இப்போது தயங்காமல் ஹெலன் பக்கம். பின்னால் அவன் உடையில் ஒரு நீளமான வெள்ளை முடியைக் கண்டு அவள் பேசாமல் நிற்பதைப் பிள்ளைகள் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

உங்கள் அகாதமியின் எழுத்தாளர் பிரிவினர் இதைக் கவனித்தார்கள். அசல் திரைக்கதைக்கு அதைப் பரிந்துரைத்தார்கள். சிறந்த படத்துக்கான ஐந்து இடங்களில் மட்டும் அதற்கு இடமில்லை. அப்பட்டியலில் இதுவரை இடம்பெற்ற அனிமேஷன் படங்கள் மூன்றே. தனி அனிமேஷன் விருது இல்லாத காலத்தில், ஐந்தில் ஒன்றாக வந்தது 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' (1991). 'அப்' (2009), 'டாய் ஸ்டோரி 3' (2010) இரண்டும் பட்டியல் பத்தாக நீண்ட பிறகே நுழைந்தன. மூன்றில் எதுவும் வெல்லவில்லை. 2002 முதல் வழங்கப்படும் தனி விருது, இப்படங்களைக் கௌரவிப்பதோடு, முதன்மைப் போட்டியிலிருந்து அவற்றை ஒதுக்கிவைக்க ஒரு நல்ல சாக்காகவும் ஆகிவிட்டதோ என்றே நினைக்கத் தோன்றுகிறது.

விதியை மாற்றும்படி நான் கேட்கவில்லை. உறுப்பினர்கள் அனைவரும் சிறந்த படத்துக்கான பரிந்துரைச் சீட்டை நிரப்பும்போது, தனி விருதுதான் இருக்கிறதே என்ற எண்ணத்தை ஒதுக்கி, இத்தகைய நகைச்சுவைகளையும் மற்றப் படங்களோடு ஒரே வரிசையில் வைத்து எடைபோடுங்கள் என்றே கேட்கிறேன். விழா மேடைக்கு வசனம் எழுதுபவர்களுக்கும் இம்மடலின் ஒரு படியை அனுப்பி உதவுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளன்